பாக்ஸ்காரரைத் திட்டாதே

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

காரின் சப்வூஃபர் (அடித்தொனி ஸ்பீக்கர்) பாக்ஸை 34 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்தும் அந்த ஃப்ரீக்வன்சியில் சத்தம் சப்பென்று இருக்கிறதே, கட்டியவர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறாய். பாவம், அவரை விட்டுவிடு. 34 என்பது போர்ட்டின், அதாவது பாக்ஸில் காற்று போய்வரும் துளையின் கணக்கு. அங்கே போர்ட்தான் உழைக்கும், ஸ்பீக்கரின் முன்பக்கக் கூம்பான கோன் ஏறக்குறைய அசையாது. சத்தம் எங்கே உச்சத்துக்குப் போகும் என்பதை ஸ்பீக்கர், பாக்ஸ், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), காரின் உள்ளறை நான்கும் சேர்ந்துதான் முடிவு செய்யும். சின்ன கார்களில் பெரும்பாலும் 40-லிருந்து 50-க்குள் எங்காவது இருக்கும். சரியான எண்ணை உன் காரில் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

காதை நம்பாதே. ஒரே டெசிபலில் 35-ஐவிட 50 பெரிதாகத்தான் கேட்கும். சத்தம் அளக்கும் மீட்டரிலும் ஒரு பொறி உண்டு. காதைப்போல அடித்தொனியைக் குறைத்துக் காட்டும் 'ஏ' வெயிட்டிங்கில் வைத்தால் 40 ஹெர்ட்ஸில் 34.6 டெசிபலும் 63-ல் 26.2 டெசிபலும் கழித்துக் காட்டும். அதாவது 63-க்கு இலவசமாக 8 டெசிபல் கிடைத்துவிடும், உயர்ந்த ஃப்ரீக்வன்சிதான் பெரும்பாலும் ஜெயிக்கும். 'சி'யில் இந்த வித்தியாசம் 1.2 டெசிபல்தான். ஆகவே மீட்டரை 'சி'யிலும், எண் நிதானமாக மாறும் ஸ்லோவிலும், அதிகபட்ச எண்ணைப் பிடித்துவைக்கும் மேக்ஸ் ஹோல்டிலும் வை. போன் ஆப்பும் ஓரளவு உதவும், ஆனால் அது சொல்லும் டெசிபலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. சத்தம் ஏறினால் போன் மைக் திணறி, எல்லா எண்ணும் ஒன்றுபோல வரும்.

முதலில் கார் ஸ்டீரியோ செட்டில் ஈக்குவலைசர், லவுட்னஸ், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணை. மேல் ஃப்ரீக்வன்சிகளை வெட்டும் லோ பாஸ் ஃபில்டரை 100-க்கு மேலே தள்ளு. மிகக் கீழ் ஃப்ரீக்வன்சிகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டரை மட்டும் 28 பக்கம் விட்டுவை, அது ஸ்பீக்கருக்கு உயிர்க்காப்பு. அளக்கப் போடும் டோன்களை புளூடூத்தில் போடாதே. 30-லிருந்து 65 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் ஒரே அளவில் தனித்தனி சைன் வேவ் (ஒரே ஃப்ரீக்வன்சி மட்டும் உள்ள ஒலி) ஃபைல் செய்து பென் டிரைவில் ஏற்று. எஞ்சின் ஓடட்டும், மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள். எஞ்சின் ஓடுவதால் திறந்த வெளியிலேயே செய். அடித்தள பார்க்கிங்கில் புகையும் சேரும், செக்யூரிட்டியும் வருவார்.

மீட்டரின் மைக்கை ஓட்டுநர் ஹெட்ரெஸ்ட் பக்கம் கட்டிவிடு. கார் சத்தப் போட்டிக்காரர்கள் முன் கண்ணாடியருகே வைப்பார்கள், அங்கே எண் அதிகமாக வரும், ஆனால் நீ உட்காரும் இடம் அதுவல்ல. எங்கே வைத்தாலும் கடைசிவரை நகர்த்தாதே. கண்ணாடிகளை ஏற்றிக் கதவை மூடி, நீ வெளியே நில். உள்ளே ஓர் ஆள் இருந்தாலே அளவு மாறும், காதுக்கும் நல்லதல்ல.

முதல் சுற்று முழு சக்தியில் வேண்டாம், பத்தில் ஒரு பங்கு போதும். ஒவ்வொரு டோனும் 3 விநாடி. 30-லிருந்து 65 வரை மேலே போய்விட்டு, அதே வழியில் கீழே இறங்கி வா. இரண்டு வரிசையும் ஒத்துப்போகாவிட்டால் கோனை அசைக்கும் தாமிரக் கம்பிச்சுருளான காயில் சூடாகியிருக்கும். தாமிரத்தின் மின்தடை 100 டிகிரி ஏற்றத்துக்கு சுமார் 39 சதவீதம் கூடும், அதற்கேற்ப ஆம்ப் தள்ளும் சக்தி குறையும். உச்சம் தெரிந்த பிறகு அதற்கு இருபுறமும் 3 ஹெர்ட்ஸுக்கு மட்டும் முழு சக்தியில், 2 விநாடி அடித்து அரை நிமிடம் ஆறவிட்டு அள. போர்ட்டில் காற்று திணறினாலோ கூரைத் தகடு ஆடினாலோ உச்சம் ஓரிரண்டு ஹெர்ட்ஸ் நகரும். 34-க்குக் கீழே முழு சக்தி கொடுக்கவே கூடாது. அங்கே போர்ட் கைவிட்டுவிடும், கோன் எகிறி காயில் அடிவாங்கும்.

இதோடு, ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரும் மாட்டிப் பார். ஸ்பீக்கர் ஒயர் இரண்டில் ஒன்றை மட்டும் அதற்குள் விடு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வை. 40 வோல்ட், 8 ஆம்பியர் காட்டினால் அந்த ஃப்ரீக்வன்சியில் லோடு 5 ஓம், போவது அதிகபட்சம் 320 வாட். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 2 ஓமை நம்பி 800 வாட் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்! ஓம் மிகவும் குறைந்து, கோனும் அடங்கி நிற்கும் இடமே பாக்ஸின் உண்மையான ட்யூனிங். அது 34-க்கு அருகில் வந்தால் கட்டியவர் சொன்னது சரி.

பிறகு டிக்கியில் பாக்ஸைக் கொஞ்சம் பின்னே தள்ளி, ஸ்பீக்கரைப் பின்கதவு பக்கம் திருப்பி மறுபடி அள. நான் இதைத்தான் முதலில் செய்வேன், காசு செலவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் புது வரிசை எடுக்க வேண்டும், பழைய எண் உதவாது.

உனக்கு வேண்டியது போட்டி எண் அல்ல, பாட்டுதான் என்றால் உச்சத்தைக் கண்டுபிடிப்பதே அதைக் குறைக்கத்தான். 45-ல் குன்றுபோல எழுந்தால் எந்தப் பாட்டிலும் ஒரே ஸ்வரம் 'டம் டம்' என்று முந்திக்கொள்ளும். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41, அடுத்தது 55. இரண்டும் சமமாகக் கேட்கும்வரை ஈக்குவலைசரில் அந்த இடத்தை 4 முதல் 6 டெசிபல் இறக்கு. 34-ஐத் தூக்கிச் சரிசெய்யப் பார்க்காதே. 6 டெசிபல் ஏற்ற ஆம்ப் நான்கு மடங்கு சக்தி தர வேண்டும், அது உன்னிடம் இல்லை.

இரண்டு வரிசை எண்களையும் வோல்ட், ஆம்பியரோடு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் ஒட்டிவிட்டு ஆரம்பி, அதன் கடகடப்பு எரிச்சல் தாங்காது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்