90 நிமிடம் போக மிச்ச நேரத்தைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

ஓட்டுநர்கள், இரவுப் பணியாளர்கள், சமையலறையினர், அக்கம்பக்கத்தார், குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

வியட்நாம், இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போய்த் திரும்பி, பி.டி.எஸ்.டி. (கொடிய அனுபவங்களுக்குப் பின் விடாமல் துரத்தும் மன அழுத்த நோய்) சிகிச்சைக்காக இங்கே தங்கும் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் தேறினால் பெயர் வாங்குவது சிகிச்சைக் குழுவினரான நாங்கள். ஆனால் நினைவுகளை நேருக்கு நேர் எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சையில் ஓர் அமர்வு 90 நிமிடம்தான். மிச்ச நேரம் உங்கள் பொறுப்பில்.

ஓட்டுநர்களுக்குத்தான் முதல் நன்றி. கூட்டம் என்றாலே ஒதுங்குகிறவரைச் சூப்பர்மார்க்கெட்டில் விடுவது ஒரு பயிற்சி. பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை அவரே மதிப்பெண் போடுவார். 80 என்றால் பாதியாவது இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம்கூட ஆகும். வியர்த்துக் கொட்டுகிறதே என்று இரக்கப்பட்டு வண்டியில் ஏற்றினால் போச்சு: ஓடி வந்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் பதிந்துகொள்ளும், அடுத்த முறை வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. கடைசிவரை ஒட்டி நின்றாலும் துணை இருந்ததால்தான் தப்பித்தோம் என்றாகிவிடும். முதல் சில தடவை கூடப் போனீர்கள். பிறகு வண்டியிலேயே காத்திருந்தீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை என்பது பார்க்கிறவர்களுக்குப் புரியாது.

இரவுப் பணியாளர்களே, கெட்ட கனவில் அலறுகிறவரைத் தொட்டு உலுக்கினால், முழுசாக விழிக்கும் முன்பே கை ஓங்கிவிடும். நீங்கள் வாசலில் நின்றே பெயர் சொல்லி அழைத்தீர்கள். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தரையில் அடித்தீர்கள். தூக்க மாத்திரை கேட்டுக் கெஞ்சியவர்களுக்காகப் பரிந்து பேசவும் இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்கு வேண்டாம் என்றே படைவீரர் நலத்துறையின் 2017, 2023 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

சமையலறையில் தட்டுகளைப் போட்டு உருட்டாமல் அடுக்கினீர்கள். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று பட்டாசு எத்தனை மணிக்கு என்று அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே சொன்னீர்கள். சத்தத்தை விட, அது திடுமென வருவதுதான் தொல்லை.

குடும்பத்தாரே, அமர்வின் ஒலிப்பதிவை அவர் தினமும் கேட்டாக வேண்டும். அழுகிறாரே என்று நீங்கள் அதை நிறுத்தவில்லை. வீடு திரும்பும் முன்பே அவரோடு பேசி, அவர் சம்மதத்தோடு துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் வைத்து, சாவியை இன்னொருவரிடம் கொடுத்தீர்கள். மிகப் பெரிய உதவி அது. 988 அழைத்து 1 அழுத்தினால் படைவீரர் நெருக்கடி உதவி எந்நேரமும் கிடைக்கும். எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

நன்றியுடன்,
சிகிச்சைக் குழுவினர்