பள்ளியைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு

அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

கல்வியாண்டு முடிகிறது. ஆண்டு விழா மேடையில் ஆசிரியர்களுக்கும் நன்கொடை தந்தவர்களுக்கும் நன்றி சொல்லியாகிவிட்டது. மேடைப் பக்கமே வராத உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் பலருடைய பிள்ளைகள் இங்கே படிக்கவில்லை. சிலருடைய பிள்ளைகள் படித்து முடித்துப் போய் வெகுகாலம் ஆகிறது.

முதல் நன்றி, வளைவில் வண்டி நிறுத்துவதை விட்டுக்கொடுத்தவர்களுக்கு. நின்றிருக்கும் காருக்குப் பின்னால் ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முழுசாக மறைந்துவிடும். எதிரே என்ன வருகிறது என்று பார்க்கவே அது சாலைக்குள் இரண்டு எட்டு வைத்தாக வேண்டும். வருகிற வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கும் பக்குவமும் அந்த வயதில் வந்திருக்காது. இதைச் சொன்னபோது நீங்கள் சட்டம் பேசவில்லை. சாவியை எடுத்து வந்து வண்டியைத் தள்ளி நிறுத்தினீர்கள். மூலை வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், ஆசையாக வளர்த்த வேலிச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். இப்போது திரும்புகிற வண்டிக்காரருக்குப் பிள்ளையின் தலை தெரிகிறது, பிள்ளைக்கும் வண்டி தெரிகிறது.

இந்தத் தெருவில் மெதுவாக ஓட்டுபவர்களுக்கும் நன்றி. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சாலைப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டில் வெளியான 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. நாங்கள் வைத்த பலகையைவிட நீங்கள் ஓட்டும் விதம்தான் வேலை செய்தது. முன்னால் போகிறவர் மெதுவாகப் போனால், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கலாமே தவிர முந்த முடியாத அகலம்தானே இந்தத் தெரு!

அப்புறம், விளையாட்டு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடை மட்டும் நம்பினால் அது நடக்காது. பள்ளி விட்ட பிறகும் மைதானம் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் சத்தம் வரும். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்காக யாருடைய தூக்கம் கெடும் என்று அதில் எழுதவில்லை. இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் உங்களில் உண்டு, படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கும் வீடும் உண்டு. மைதானத்தைப் பூட்டுங்கள் என்று ஒருவரும் வந்து நிற்கவில்லை. எங்களைக் கேட்டால், நீங்கள் செய்ததிலேயே பெரிய உதவி இதுதான்.

பின்மதில் வீட்டு அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பந்து விழுந்தால் பையன்கள் சுவரேறிக் குதிப்பார்கள். அவர் தன் வீட்டு கேட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையைக் கட்டித் தொங்கவிட்டார். விழுவதெல்லாம் அதில் சேர்கிறது: பந்து, இறகுப்பந்து, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு கணக்கு நோட்டும். (நோட்டுக்கு எப்படி இறக்கை முளைத்தது என்று விசாரணை நடக்கிறது.) சுவரேறுவது அடியோடு நின்றுவிட்டது.

அழைத்துப்போக ஆள் வரத் தாமதமாகி வெளியே நிற்கும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் கடைக்காரர்களுக்கும் நன்றி. பிள்ளையை நீங்களே வீட்டில் விடக் கிளம்பாமல், பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஆசிரியர் வரும்வரை கண்பார்வையில் வைத்துக்கொள்கிறீர்கள். அதுதான் சரியான முறை. தொடர்ந்து அப்படியே செய்யுங்கள்.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அடுத்த ஆண்டும் மாலை ஆறு மணிக்கு ஆட்டத்தை முடித்துவிடுவோம், தேர்வுக் காலத்தில் இன்னும் சீக்கிரம். அதற்கு மேலும் விசில் கேட்டால் தயங்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மாணவர்களின் பெற்றோர்கள்