என் பின்னந்தலையைப் பார்த்தவர்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கு, டாக்டரம்மாவுக்கு, விக் தந்த அம்மாவுக்கு, முடி வெட்டிவிடும் தங்கைக்கு, பக்கத்து மேஜைத் தோழிக்கு, என் பின்னல் வாத்தியாருக்கு,

நேற்று காலை என் தலையை நானே பின்னிக்கொண்டேன். வேறொரு கை படாமல், வகிடு எடுத்ததிலிருந்து நுனியில் பேண்ட் போட்டது வரை நான் மட்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "கோணலா இருக்கு. ஆனா அவிழாது" என்று பதில் வந்தது. அக்காவிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பின்னல் கலைவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஒட்ட வெட்டிய தலையிலிருந்து இந்தக் கோணல் பின்னல் வரை வந்து சேர மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். வருடத்துக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எந்தப் புட்டியும் இந்தக் கணக்கை இரட்டிப்பாக்காது. ஆறேழு புட்டி வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முடி தன் பாட்டுக்கு வளர்ந்தது. நடுவில் நான் கத்தரியைக் கையில் எடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள்.

டாக்டரம்மா, இந்த மடலில் இருப்பவர்களில் முதலில் உங்களிடம்தான் வந்தேன். அப்போது எனக்கு 34 வயது. ஆண் என்று வளர்க்கப்பட்ட நான், பெண்ணாக வாழ முடிவெடுத்திருந்தேன். நெற்றியின் இரண்டு மூலைகளிலும் முடி பின்வாங்கி, எங்கள் அப்பாவின் ஏறுநெற்றி அப்படியே என் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. "எல்லாம் திரும்ப வருமா?" என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்துத் தலை மாதிரி ஒரு வட்டம் போட்டீர்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனிலிருந்து உடம்பு டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வீரியமான ஒன்றைச் செய்துகொள்கிறது, முன்நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்கள் அதற்குப் பணிந்துபோகும், ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து குறுகிக் கடைசியில் பூனைமயிராகிவிடும், பிடரி வேர்க்கால்கள் மட்டும் அதைச் சட்டை செய்யாது என்றீர்கள். முழு வழுக்கைக்காரருக்கும் பின்னால் ஒரு வளையம் மிஞ்சுவது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942-இல் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் எழுதிய கதையையும் சொன்னீர்கள். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனும், ஆண் ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரையும் எடுத்தா கொட்டுறது நிக்கும். போனதுல எவ்வளவு வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றீர்கள். அதற்கு முன் நான் பார்த்த எல்லாரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொடுக்காதவரை நம்பினேன்.

தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தை எழுதிக்கொடுக்கும்போது, "வீட்ல பூனை இருக்கா?" என்று கேட்டீர்கள். டாக்டர் ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று பூனையின் பெயரைச் சொன்னேன். அந்த மருந்து பூனைக்கு விஷம், தலையணையில் ஒட்டியதை நக்கினாலே ஆபத்து என்ற பிறகுதான் விளங்கியது. ஆக, என் பூனையின் சார்பிலும் ஒரு நன்றி. முதல் சில வாரங்களில் கொட்டுவது கூடும், ஓய்விலிருக்கும் பழைய முடியை மருந்து தள்ளிவிடுகிறது, பயந்து நிறுத்திவிடாதே என்று முன்கூட்டியே எச்சரித்தீர்கள். ஆனாலும் பயந்தேன். நிறுத்தவில்லை.

இரண்டாம் வருடம் நிலைமை இன்னும் மோசம். குளியலறையில் கை கையாக வந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம் என்று தெரியும்; உட்கார்ந்து எண்ணி, 200-ஐத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன். நீங்கள் தலையைப் பார்க்கவேயில்லை. "மூணு மாசம் முன்னாடி உடம்புக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டீர்கள். கடுமையான காய்ச்சல் ஒன்று வந்து போயிருந்தது. உடம்பு அதிர்ந்தால் ஏராளமான முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும் என்று விளக்கி, இரும்புச் சத்துக்கும் சோதனை எழுதினீர்கள். நாலைந்து மாதத்தில் நெற்றி ஓரமெல்லாம் குட்டி முடி குத்திட்டு நின்றது. (தாடி மட்டும் எந்த மருந்துக்கும் அசையவில்லை. லேசர் பட்ட பாடு தனி மடல் கேட்கும்.)

விக் தந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, ஏனென்றால் நன்றி சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். முதல் விக் செயற்கை இழை. டேப்பை எடுத்து என் தலையைச் சுற்றி அளந்து, 22 அங்குலம் என்று கையில் எழுதிக்கொண்டீர்கள். புருவத்துக்கு மேல் நாலு விரல் வைத்து, அங்கேதான் முடி தொடங்க வேண்டும் என்று காட்டினீர்கள். நான் போட்டிருந்தது தொப்பி போல இரண்டு விரலில் நின்றது. பளபளப்பைக் குறைக்கக் கொஞ்சம் பவுடர், வகிட்டில் என் தோல் நிறத்தில் ஒரு தீற்றல், கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் முகத்தை நீட்டக் கூடாது, நீட்டினால் இழை பொசுங்கிச் சுருளும். எல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள். பசையை மட்டும் என்னிடம் கொடுக்கவே இல்லை. "முன்னாடி இருக்குறதே நாலு முடி. அதையும் புடுங்கி எடுக்கப் போறியா?" வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும், சொந்த முடிக்கும் காற்று வேண்டும் என்பது உங்கள் சட்டம்.

இரண்டாவது தந்தது உண்மையான முடி. அதை முதலில் அலசியபோது எனக்கு வேறொன்று தோன்றியது. எங்கோ ஒரு பெண், அல்லது பல பெண்கள், வருடக் கணக்கில் வளர்த்தது அது. அவர்களுக்கும் யாரோ சிக்கெடுத்திருப்பார்கள். பெயர் தெரியாத அந்தத் தலைகளுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நன்றி.

உங்கள் தலையில் இப்போது ஒட்ட வெட்டிய நரைமுடிதான். வளர்க்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "வளத்தேன், வாரினேன், போதும்னு வெட்டினேன்" என்றீர்கள். அந்தத் தலையோடு உங்களைவிட அம்மாவாகத் தெரிகிற யாரையும் நான் பார்த்ததில்லை.

முடி வெட்டிவிடும் தங்கையைப் பற்றிச் சொல்வதற்கு முன் இன்னொருவரைச் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். ஒன்பதாவது மாதம், நுனியை மட்டும் சீர்செய்யச் சொல்லி ஒரு கடையில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் கண்ணாடி வழியாகப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். மெஷினை எடுத்தார். நான் "வேண்டாம்" என்று வாயைத் திறப்பதற்குள் காதோரத்தில் ஏழு சென்டிமீட்டர் போய்விட்டது. ஆறு மாதம், ஆறு நொடியில். காசு கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் தங்கையே, உன் நாற்காலியில் முதல் நாள் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கத்தரியைத் தொடவில்லை. "எந்த இடம் உங்களுக்குக் கூச்சமா இருக்கு?" என்று கேட்டாய். நெற்றி மூலைகளைக் காட்டினேன். வெட்டுவதற்கு முன் ஒரு வருடத் திட்டத்தையே சொன்னாய். பிடரி முடிக்குத் தோள் பக்கம். உச்சி முடி இறங்கி வர நெடுந்தூரம். இரண்டையும் அப்படியே விட்டால் பின்னால் வால் முளைத்து, பக்கவாட்டில் ஒன்றுமில்லாமல் நிற்கும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை பின்பக்கத்தை மட்டும் நறுக்கு, மேல்முடியைத் தொடாதே, எல்லாம் தாடையைத் தொடும்போது ஒரே மட்டமாக்கலாம் என்றாய். வளர்க்க வந்தவளிடம் வெட்டச் சொல்கிறாயே என்று நினைத்தேன். நீ சொன்னதுதான் நடந்தது.

முன்முடி விஷயத்தில் உன் கை வேலையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? நெற்றியோரத்து மெல்லிய முடியை வைத்து வெட்டாமல், உச்சியருகே அடர்த்தியாக இருக்கும் இடத்திலிருந்து முன்னால் இழுத்து, நடுவில் குட்டையாகவும் ஓரத்தில் நீளமாகவும் இறக்கினாய். மூலைகள் இரண்டும் திரைக்குப் பின்னால் போய்விட்டன. நேர்வகிட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினாய். இறுக்கி வாரிக் குதிரைவால் போடாதே, மூலைகள் தெரியும், தினமும் இழுபட்டால் இருக்கிற வேரும் செத்துப்போகும் என்று மிரட்டினாய். சுருட்டும் கருவியை 180 டிகிரிக்கு மேல் ஏற்றாதே, ஈரத்தில் வைக்கவே வைக்காதே என்றாய். முடி நடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன்; ஹார்மோன் ஒரு வருடமாவது நிலைப்படட்டும் என்றிருந்தார். அந்த ஒரு வருடத்துக்குள் உன் கத்தரி என் கேள்வியையே மறக்கடித்துவிட்டது.

அன்று கடைசியில் கைக்கண்ணாடியை எடுத்து எனக்குப் பின்னால் பிடித்தாய். "இங்க ஒரு மச்சம் இருக்கு, தெரியுமா?" வலது காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் ஓரத்தில், மிளகளவு. எனக்குத் தெரியாது. முப்பது வருடமாக எத்தனையோ பேர் அந்தத் தலையைக் குனியவைத்து வெட்டியிருக்கிறார்கள். ஒருவரும் சொன்னதில்லை.

பக்கத்து மேஜைத் தோழிக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல வேண்டும், நீங்களே அப்படித்தான். ஆறாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை என் தலை எதிலும் சேராமல் இருந்தது. காதை மூடாது, பின்னால் போகாது, ஒரு பக்கம் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒருநாள் என் விசைப்பலகை மேல் இரண்டு கறுப்பு கிளிப் இருந்தது. குறிப்பு எதுவும் இல்லை. "இன்னும் முடி வெட்டலையா?" என்று யாரோ என்னைக் கேட்டபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நீங்கள் சொன்னது ஒரு சொல்: "வளக்குறாங்க." அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

அக்கா, உனக்கு.

நீ நாலு மாதம் என்னோடு பேசவில்லை. அதை நாசூக்காகக் கடந்து போக எனக்கு விருப்பமில்லை, உனக்கும் இருக்காது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் வந்தாய். நான் தலை குளித்துவிட்டு, ஈரத்தோடு, பழைய நெருக்கமான சீப்பால் உச்சியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாய். உன்னால் தாங்க முடியவில்லை. என் மாற்றத்தையல்ல, நான் சீவிய விதத்தை. "இப்படி இழுத்தா எல்லாம் பிஞ்சுதான் போகும். இங்க வா, கீழ உக்காரு" என்றாய். உன் பையிலிருந்து பல் அகன்ற சீப்பை எடுத்தாய். ஈர முடி ரப்பர் போல நீளும், நீண்டு அறும். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும், சிக்குக்கு மேலே முடியைப் பிடித்துக்கொண்டால் வேரில் வலிக்காது. பாடம் போலச் சொல்லிக்கொண்டே வந்தாய். துண்டால் தேய்க்காதே, ஒற்றியெடு. வெறும் ரப்பர் பேண்ட் போடாதே. படுக்கும்போது தளர்வாகப் பின்னிக்கொள். நான் ஏதோ கேட்கத் தலையைத் திருப்பினேன்.

"அசையாதடி" என்றாய்.

34 வருடம் 'டா' போட்ட வாய். நீ கவனித்ததாகத் தெரியவில்லை, சீப்பு நிற்கவேயில்லை. நான் அசையவில்லை. உன் முழங்கால்களுக்கு நடுவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் என் முகம் உனக்குத் தெரிந்திருக்காது. அது நல்லதாயிற்று.

என் பின்னல் வாத்தியார் அக்காவின் மகள், ஒன்பது வயது. மூன்று நிறக் கம்பளி நூலை நாற்காலிக் காலில் கட்டி, "சிவப்பு மேல, நீலம் நடுவுல, மஞ்சள் மேல" என்று பிரம்பில்லாமல் மிரட்டியே கற்றுக்கொடுத்தாள். தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனால் கண் உதவாது, விரல்தான் பார்க்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு பின்னச் சொன்னாள். மூன்று வாரப் பயிற்சி. "மாமா, தப்பு" என்று தொடங்கி, நடுவில் ஒரு நாள் "சித்தி, மறுபடியும் தப்பு" என்று வந்து நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அக்கா சத்தியம் செய்கிறாள். வாத்தியாரே, நேற்றைய பின்னல் கோணலாக வந்ததற்கு நான்தான் பொறுப்பு. மஞ்சளை ஒரு இடத்தில் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஒரு சேதி. அந்த மச்சத்தைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். "அது பொறந்தப்பவே இருந்துச்சே, நான்தான் மொதல்ல பாத்தேன்" என்றாள். நேற்றுக் கைக்கண்ணாடியைப் பிடித்துத் தேடினேன், கிடைக்கவில்லை. முடி மூடிவிட்டது. இனி அது எங்கே இருக்கிறதென்று தெரிந்து தொட்டுக் காட்டக்கூடியவர்கள் அக்காவும் முடி வெட்டிவிடும் தங்கையும்தான்.

அன்புடன்,
உங்கள் கோணல் பின்னல்காரி