சூடாக்கினீர்கள் சரி, பாய்லருக்குள் ஏற்றுவது யார்?

அனுப்புநர்
உரிமையாளர்,
புழுங்கலரிசி ஆலை,
சோழவந்தான் சாலை, வாடிப்பட்டி வட்டம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
பாய்லர் உபகரணங்கள் விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு.

பொருள்: பாய்லர் ஃபீட் தண்ணீர் சூடாக்கும் அமைப்பு – பம்ப் தண்ணீர் ஏற்றாதது, எக்கனாமைசர் அடிப்பது, சொன்ன உமி மிச்சமாகாதது – சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

பாக்கித் தொகை கேட்டு நீங்கள் அனுப்பிய மூன்றாவது கடிதம் கிடைத்தது. முதல் இரண்டுக்கும் போனிலேயே பதில் சொன்னேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது, அதனால் இந்தத் தடவை எழுத்தில். பாக்கியைத் தர மாட்டேன் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. வேலை முடிந்ததும் தருகிறேன் என்றேன். வேலை எங்கெங்கே முடியாமல் நிற்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மில் பெரியாறு கால்வாயில் விளைகிற நெல்லை நம்பி நடப்பது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் என்பதால் எங்களுக்கும் வருடத்துக்கு இரண்டு சீசன். மணிக்கு 2 டன் ஆவி தருகிற பாய்லர், உமிதான் எரிபொருள், 7 கிலோ அழுத்தத்தில் ஓட்டுகிறோம். ஊறின நெல்லை அவிக்க ஆவியை நேராக நெல்லுக்குள்ளேயே விடுகிறோம், அது நெல்லோடு போய்விடும். அவித்த நெல்லைக் காயவைக்கிற டிரையரின் காயிலுக்குப் போகிற ஆவி மட்டும் வேலை முடிந்து வெந்நீராக வெளியே வரும். அதை இத்தனை வருடமாகச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் தப்புதான்.

பங்குனியில் உங்கள் விற்பனைப் பிரதிநிதி வந்தபோது முதலில் காட்டியது அந்தச் சாக்கடையைத்தான். "அண்ணாச்சி, இங்கே புகையாகப் போறது உங்க உமி" என்றார். பேச்சு பிடித்துப்போனது. அங்கேயே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். "ஃபீட் தண்ணீர், அதாவது பாய்லருக்குள் ஏற்றுகிற தண்ணீர், 6 டிகிரி சூடேறினால் எரிபொருள் 1 சதவீதம் குறையும். உங்கள் போர்வெல் தண்ணீர் 30 டிகிரி, நாங்கள் 90-க்குக் கொண்டுபோகிறோம், ஆக 60 டிகிரி, ஆக 10 சதவீதம் உமி மிச்சம்" என்றார். 6 டிகிரிக்கு 1 சதவீதம் என்பது சரியான விதிதான், பாய்லர் தெரிந்த யாரும் மறுக்க மாட்டார்கள். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. பாய்லருக்குப் போக மிஞ்சுவதைச் செங்கல் சூளைக்காரர்கள் வந்து அள்ளிப் போவார்கள். அதில் 10 சதவீதம் கூடினால் நல்ல காசு என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆடியில் மில் சும்மா இருந்த நேரத்தில் வந்து வேலை செய்தீர்கள். 2,000 லிட்டர் டேங்க், அதற்குள் ஓட்டை போட்ட ஆவிக் குழாய், புகைபோக்கிப் பாதையில், போகிற புகையின் சூட்டில் தண்ணீரைச் சூடாக்குகிற எக்கனாமைசர், புதிதாக ஒரு மல்டிஸ்டேஜ் பம்ப். டிரையரிலிருந்து வெந்நீர் திரும்பி வர வேண்டிய லைன் மட்டும் வரைபடத்தில் இருக்கிறது, தரையில் இல்லை. "அது அடுத்த கட்டம்" என்றார்கள். டேங்க்கைச் சூடாக்க பாய்லரிலிருந்தே ஒரு ஆவி லைன் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இங்கேதான் என் முதல் புகார். பாய்லர் ஆவியை எடுத்து பாய்லருக்குப் போகிற தண்ணீரையே சூடாக்கினால் உமி எப்படி மிச்சமாகும்? இந்தக் கேள்வி எனக்கு முதலில் தோன்றவில்லை. மதுரையில் பாலிடெக்னிக் படிக்கிற என் அண்ணன் மகன்தான் கேட்டான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 7 கிலோ அழுத்தத்தில் ஒரு கிலோ ஆவியில் சுமார் 660 கிலோ கலோரி இருக்கிறது. மணிக்கு 2,000 கிலோ தண்ணீரை 30-லிருந்து 90-க்கு ஏற்ற, ஏறக்குறைய 190 கிலோ ஆவியை டேங்க்கே குடித்துவிடுகிறது. நெல்லுக்கும் டிரையருக்கும் போக வேண்டிய ஆவி அது. பாய்லர் சுலபமாக ஆவி விடுகிறது என்பது உண்மை, ஆனால் விட்டதில் பத்தில் ஒரு பங்கை டேங்க் திருப்பி வாங்கிக்கொள்கிறது. வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுவிட்டு அதை லாபம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வீணாய்ப் போகிற சூட்டைப் பிடித்தால்தான் மிச்சம். அந்தச் சூடு எங்கள் மில்லில் இரண்டே இடத்தில்தான் இருக்கிறது, டிரையர் வெந்நீரிலும் புகையிலும். வெந்நீர் இன்னும் சாக்கடைக்குத்தான் போகிறது. புகைக்கு வைத்த எக்கனாமைசரின் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் ஆகாது. முன்பெல்லாம் பம்ப் ஓடத் தொடங்கியதும் பச்சைத்தண்ணீர் ஒரே மடக்காக உள்ளே போய் அழுத்தம் 7-லிருந்து ஐந்தரைக்கு விழும். அந்த நேரத்தில் அவியலில் இருக்கிற நெல் அரைவேக்காடாக நிற்கும், அரிசியின் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும், அரைக்கும்போது நொறுங்கும். சூடான தண்ணீர் போனதிலிருந்து அழுத்தம் ஆறரைக்குக் கீழே இறங்குவதில்லை. தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனும் குறையும். 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழு மில்லிகிராமுக்கு மேல் இருப்பது 90-ல் இரண்டுக்குக் கீழே வந்துவிடுமாம். ட்யூப் ஓட்டை விழுவது குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆக, வெந்நீர் நல்லதுதான். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் அந்த வெந்நீர் பாய்லருக்குள் போய்ச் சேர வேண்டுமே!

டேங்க்கைத் தரையில் ஒரு அடி மேடை கட்டி அதன்மேல் வைத்திருக்கிறீர்கள். பம்ப் பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே மட்டத்தில். நடுவில் ஒரு இன்ச் பைப், நான்கு எல்போ, ஒரு ஸ்ட்ரெய்னர். ஓட்டை போட்ட ஆவிக் குழாயின் முனை பம்ப் உறிஞ்சுகிற வாய்க்கு நேர் எதிரில். பச்சைத்தண்ணீராக இருந்தால் இதெல்லாம் ஓடிவிடும். காற்றழுத்தம் தண்ணீரை பம்புக்குள் தள்ளிக் கொடுக்கும், 30 டிகிரியில் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குச் சமமான தாராளம் கையில் இருக்கும். 90 டிகிரியில் அந்தத் தாராளம் 3 மீட்டராகச் சுருங்கிவிடும், 95-ல் ஒன்றரை மீட்டர். 100-ல் ஒன்றுமே கிடையாது, டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான். அதற்குமேல் பம்ப் உறிஞ்சினால் தண்ணீர் பம்பின் வாயிலேயே கொதித்துக் குமிழியாகிவிடும். குமிழி உள்ளே போய் வெடிக்கும். அதனால்தான் வெந்நீர் டேங்க்கை எல்லோரும் ஆள் உயரத்துக்கு மேலே, மூன்று நான்கு மீட்டரில் ஸ்டாண்டு போட்டு வைக்கிறார்கள். இது உங்கள் தொழில், நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் மில்லில் நடப்பது இதுதான். 85 டிகிரி தாண்டினால் பம்ப் முனகும். 90-ல் உள்ளே சரளைக்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி சத்தம். 93-ல் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. புரட்டாசியில் ஆரம்பித்து இதுவரை இரண்டு தடவை சீல் மாற்றிவிட்டோம். இரண்டாவது தடவை கழற்றியபோது உள்ளே சுழல்கிற சக்கரமான இம்பெல்லரைப் பார்த்தேன், கரையான் அரித்த கதவு மாதிரி இருந்தது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

இதற்கு பாய்லரை ஓட்டுகிற எங்கள் ஃபயர்மேன் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? பம்ப் முனகத் தொடங்கியதும் உப்புத்தண்ணீரை மென்மையாக்குகிற சாஃப்டனரின் லைனைத் திறந்து டேங்க்குக்குள் பச்சைத்தண்ணீரை விடுகிறார். 60 டிகிரிக்கு இறங்கியதும் பம்ப் சாதுவாகிவிடும். எங்கள் ஆவியில் சூடாக்கி எங்கள் தண்ணீரில் ஆற்றுகிறோம். இதற்காகவா இத்தனை லட்சம்?

என் அப்பா காலத்து மில்லில் பம்புக்குப் பதிலாக இன்ஜெக்டர் இருந்தது, ஆவியின் வேகத்தாலேயே தண்ணீரைத் தள்ளுகிற சாமான். அதை ஓட்டியவர் மீட்டர் கேஜ் ரயிலில் ஸ்டீம் எஞ்சின் ஃபயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜெக்டர் சூடாகிவிட்டால் வேலை செய்யாது என்று ஈரச் சாக்கைச் சுற்றிவிடுவார். சுடுதண்ணீரைத் தள்ளுவது எந்தச் சாமானுக்கும் கஷ்டம் என்பது பள்ளிக்கூடம் போகாத அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி ஷிஃப்டில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இரண்டு மணி இருக்கும். டேங்க் தெர்மோஸ்டாட்டை உங்கள் ஆள் 95-ல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டுகிற கேஜ் கிளாஸில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வருகிறது. உமி நெருப்பு ஸ்விட்ச் போட்டால் அணைகிற நெருப்பு இல்லை. மட்டம் இறங்கினால் தானே நிறுத்துகிற மோப்ரி ஸ்விட்ச் வேலை செய்து ஃபேன் நின்றது, அலாரம் அடித்தது. ஃபயர்மேன் உமி விடுவதை நிறுத்தி, ஆவி வால்வை மூடி, பாய்லர் ஆறும்வரை பச்சைத்தண்ணீர் விடாமல் காத்திருந்தார். பதறிப்போய் அந்த நேரத்தில் காய்ந்த ட்யூபில் தண்ணீர் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவியல் தொட்டியில் இருந்த நெல் முழுக்க வீண். அது போனால் போகிறது. அடுத்த வாரம் வந்த உங்கள் சர்வீஸ் தம்பி, "ஆபரேட்டருக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லை" என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். நான் போடவில்லை. எங்கள் ஃபயர்மேன் சர்டிபிகேட் வாங்கியவர், பதினெட்டு வருடமாக அந்த பாய்லர் முன்னால் நிற்கிறவர். அந்த வரியை நீங்கள் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். பணத்தைவிட எனக்கு இது முக்கியம்.

எக்கனாமைசர் விஷயம். முதல் வாரம் அருமையாக ஓடியது. புகை 240 டிகிரியில் உள்ளே போய் 180-ல் வெளியே வந்தது, தண்ணீர் 20 டிகிரி கூடியது. உண்மையான மிச்சம் இதில்தான் இருந்தது, மூன்று சதவீதமாவது தேறும். அப்புறம் அடிக்க ஆரம்பித்தது. உங்கள் பம்ப் மட்டம் இறங்கினால் ஓடும், ஏறினால் நிற்கும். நிற்கிற அந்தப் பத்து நிமிடமும் எக்கனாமைசரில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, புகையோ நிற்காமல் போகிறது. உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடுகிறது. மறுபடி பம்ப் ஓடியதும் டேங்க் தண்ணீர் போய் அந்த ஆவியை அமுக்கும்போது சம்மட்டியால் அடித்த மாதிரி டமார் என்று ஒரு சத்தம். எதிர்த்த டீக்கடைக்காரர் எங்கள் மில்லில் கோயில் வேட்டு போடுகிறோமா என்று கேட்டார். ஒரு ஃபிளாஞ்ச் கேஸ்கெட் போன பிறகு பைபாஸ் போட்டு மூடிவிட்டோம். ஆக இப்போது புகையின் சூடு புகைபோக்கிக்கு, டிரையரின் சூடு சாக்கடைக்கு. உமிக் கணக்கு நோட்டைப் பார்த்தால் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் வித்தியாசமே இல்லை. சூளைக்காரருக்குப் போன லோடும் கூடவில்லை.

எக்கனாமைசரும் பாய்லர் சட்டத்துக்குள் வருகிற சாமான். 1923-ஆம் வருடச் சட்டம் போய் 2025-ல் புதுச் சட்டம் வந்தபோதும் அது மாறவில்லை. அதற்கான தயாரிப்புச் சான்று, டெஸ்ட் காகிதங்கள் எதுவும் இன்னும் என் கைக்கு வரவில்லை. ஆய்வுக்கு வருகிற அதிகாரி கேட்டால் நான் உங்கள் வரைபடத்தையா காட்டுவது?

நான் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. டேங்க்கை உங்கள் செலவில் 4 மீட்டர் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பம்புக்கு வருகிற பைப்பைப் பெரிதாக்கி எல்போக்களைக் குறையுங்கள், ஆவிக் குழாயை உறிஞ்சுகிற வாயிலிருந்து தள்ளி வையுங்கள். டிரையர் வெந்நீர் லைனைப் போட்டுக் கொடுங்கள். டேங்க் மேலே போனால் அந்த வெந்நீரை ஏற்ற ஒரு சின்ன பம்ப் வேண்டியிருக்கும், அதில் பாதியை நான் தருகிறேன், ஆரம்பத்தில் பேசாத செலவு என்பதால். பம்பை ஓடு நில்லு என்று விடாமல், மட்டத்துக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைத்துத் தண்ணீர் தொடர்ந்து போகிற கட்டுப்பாட்டை வையுங்கள், அப்போதுதான் எக்கனாமைசரைத் திறக்க முடியும். அரித்துப்போன இம்பெல்லரும் இரண்டு சீலும் உங்கள் கணக்கு. அவியலில் போன நெல்லுக்கு நான் எதுவும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு மில் மூன்று நாள் நிற்கும். பாய்லரும் ஆறிக் கிடக்கும். அதற்கு முன்பே ஸ்டாண்டை வெல்டிங் செய்து கொண்டுவந்துவிட்டால் அந்த மூன்று நாளில் மாட்டிவிடலாம். உங்கள் ஆட்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் எங்கள் பொறுப்பு. மாசியில் அடுத்த அறுவடை நெல் வரத் தொடங்கிவிடும், அப்போது ஒரு மணி நேரம்கூட நிறுத்த முடியாது. பம்ப் 90 டிகிரியில் ஒரு முழு ஷிஃப்ட் சத்தமில்லாமல் ஓடினால் அன்று சாயங்காலமே பாக்கிக்கு செக் எழுதித் தருகிறேன். பொங்கலுக்குள் வரவில்லை என்றால் வேறு ஆளை வைத்து வேலையை முடித்து, அந்தச் செலவை பாக்கியில் கழித்துக்கொண்டு, மீதிக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

வரும்போது அதே சர்வீஸ் தம்பியை அனுப்பினாலும் பரவாயில்லை. ஒரு தெர்மாமீட்டரும், உயரம் அளக்க ஒரு டேப்பும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஆலை உரிமையாளர்.

இணைப்பு: பம்ப் இம்பெல்லரின் புகைப்படங்கள், புரட்டாசி முதல் கார்த்திகை வரையிலான பாய்லர் லாக் புத்தகத்தின் நகல், உங்கள் பிரதிநிதி நோட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு.