வருஷத்தை அப்புறம் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

குரூப் தேர்வில் 'காலவரிசைப்படுத்துக' என்று வரும் கேள்விகளில்தான் மார்க் போகிறது என்று எழுதியிருந்தாய். வருஷங்களை நெட்டுருப் போட்டால் அப்படித்தான். ஹாலில் 1746-ம் 1749-ம் இடம் மாறி நிற்கும். எது நடக்காமல் எது நடந்திருக்காது என்று முதலில் கேள்.

நாலு துண்டுச் சீட்டு எடுத்துக்கொள்: அடையாறு போர், ஆம்பூர் போர், பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது, கோட்டை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதால்தான் ஆற்காடு நவாப் அன்வருதீன் படை அனுப்பினார். அடையாற்றில் அது தோற்றது. எனவே கோட்டை முதலில், அடையாறு அடுத்து. இரண்டும் 1746. அதே அன்வருதீன் 1749-ல் ஆம்பூரில் செத்துப்போனார். செத்தவர் எங்கே படை அனுப்புவது? ஆம்பூர் பின்னால்தான். கோட்டை திரும்பியதும் 1749. ஆனால் அதற்கும் ஆம்பூருக்கும் சம்பந்தமில்லை, 1748-ல் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானமாகிக் கையெழுத்திட்ட அய்-லா-சபேல் உடன்படிக்கையின் பலன் அது. இப்படித் தொடர்பில்லாத இரண்டு ஒரே வருஷத்தில் வந்தால் மாதத்தைப் படித்தே தீரவேண்டும். ஆம்பூர் சில வாரம் முந்தியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சி ராணி கைக்குப் போன 1858 என்ற ஒரே ஆணி போதும்: கம்பெனி ஆட்சியா, ராணி ஆட்சியா? வேலூர்ப் புரட்சி (1806), ராயபுரத்திலிருந்து ஓடிய முதல் ரயில் (1856) கம்பெனி பக்கம். உயர் நீதிமன்றம் (1862) ராணி பக்கம்.

இருபதாம் நூற்றாண்டில் கால் இடறுவது வேறு இடத்தில். தமிழ்நாடு என்ற பெயருக்குச் சட்டமன்றத் தீர்மானம் 1967 ஜூலையில். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. கேள்வி எதைக் கேட்கிறது? வினைச்சொல்லை அடிக்கோடிட்டுவிட்டுப் பதிலைத் தொடு.

இன்னொன்று. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போடு. பத்து வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர். மதராஸுக்கு இடம் கிடைத்த 1639 முதல் சென்னை என்று பெயர் மாறிய 1996 வரை கிட்டத்தட்ட 36 சென்டிமீட்டர் வரும். உன் ஸ்கேல் பத்தாது, இரண்டு தடவை வைத்து இழு. சீட்டுகளைக் கலைத்து அதன்மேல் அடுக்கு. வருஷத்தை மூலையில் பென்சிலால் எழுதி மடித்துவை, அடுக்கி முடித்தபின் பிரித்துப் பார். 1746-ம் 1749-ம் மூன்றே மில்லிமீட்டரில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த மாதிரி நெருக்கடியான இடங்களுக்கு மட்டும் தனித்தாளில், வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் விட்டு, மாதத்தோடு எழுது. மற்ற இடங்களுக்கு மாதம் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்