நாவில் வைக்காமல் சமைத்தது

நவம்பர் 16, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள எஸ்தர்,

ஆகஸ்டில் நீ எழுதினதுக்கு நவம்பரில் பதில் போடுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். சரோ மகள் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதும் தப்பு, ஒரு போன்கூடப் போடாதது அதைவிடத் தப்பு. அவளுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி அப்படியேதான். சின்னவன் பாஸ்டனில் வேலை மாறியிருக்கிறான், மாசம் ஒரு தடவை அழுக்குத் துணி மூட்டையோடு வந்து போகிறான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

இப்போ விஷயம். இன்று சைவக்காரியான நான் மான் இறைச்சியை என் கையால் அரைத்தேன், ஏட்டி.

வாயைப் பிளக்காதே, முழுசாய்ப் படி. பக்கத்து வீட்டு ஆச்சியைப் பற்றி உனக்கு எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! அவளுக்கு இப்போ 86. கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு நிற்கிறதாம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. என் முகத்தைப் பார்க்க என் காதைப் பார்க்கிறாள். இங்கே அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தில், நவம்பர் முழுக்க மான் வேட்டைக் காலம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுடக்கூடாது, அது இங்கே சட்டம். ஆச்சியின் மகன் வருஷா வருஷம் ஒரு மான் அடிப்பார். நல்ல துண்டுகளெல்லாம் அவர் வீட்டு ஃபிரீசருக்கு, கழுத்து மட்டும் ஆச்சிக்கு. கழுத்தில் நரம்பும் எலும்பும்தான் அதிகம், வேறு எதற்கும் அவ்வளவாய்த் தோதுப்படாது. அதை மணிக்கணக்கில் வேகவைத்து, எலும்பிலிருந்து தானாய்க் கழன்று வருகிற சதையில்தான் மின்ஸ்மீட் என்கிற இனிப்புப் பூரணம் செய்வார்கள். நவம்பரில் செய்து மூடிவைத்து, மாசக் கடைசியில் வருகிற நன்றி கூறும் நாளுக்கும் (Thanksgiving) கிறிஸ்மஸுக்கும் அதை மாவு ஓட்டுக்குள் வைத்துப் 'பை' (pie) சுடுவார்கள்.

போன வாரம் ஐஸ் பெட்டியில் கழுத்து வந்து இறங்கியது. ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் என்னால் ஆகாது, வேண்டாம்னு சொல்லி அனுப்பிடவா?" என்று கேட்டாள். பேரப்பிள்ளைகள் யாரும் செய்ய மாட்டார்களா என்று கேட்டேன். இனிப்பில் இறைச்சியா என்று மூஞ்சியைச் சுளிக்கிறார்களாம். கடையில் மின்ஸ்மீட் என்று விற்கிறதில் முக்கால்வாசி வெறும் பழமும் சர்க்கரையும்தான், அதுதான் அசல் என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்திலேயே இப்போ இறைச்சி கிடையாது, கொழுப்பு மட்டும் மிச்சம். அந்தக் கொழுப்பையும் விட்டுப் பல பேர் தாவரக் கொழுப்புக்கு மாறிவிட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. நான் ஒரு நாளும் சாப்பிடாத பண்டத்துக்காக எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

காரணம் உனக்குத் தெரியும். நாங்கள் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஆச்சி ஒரு முழுப் பையைக் கையில் ஏந்தி, பனியில் நடந்து வந்தாள். உள்ளே இறைச்சி என்று தெரிந்ததும் நான் கை கூப்பி வேண்டாம் என்றேன். அவளுக்கு வருத்தம் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. மறுநாளே இன்னொன்று கொண்டுவந்தாள். பச்சைத் தக்காளி, ஆப்பிள், உலர்திராட்சை, கிராம்பு. கொழுப்புக்குப் பதில் வெண்ணெய். செப்டம்பர் கடைசியில் உறைபனி விழுகிறதுக்குள் செடியில் பழுக்காமல் நிற்கிற காயை எல்லாம் பறித்து இப்படிச் செய்து வைப்பது இங்கே பழைய வழக்கம். அன்று தொடங்கி இருபது வருஷமாக என் பெயர் எழுதி ஒரு ஜாடி தனியாக வந்துகொண்டே இருக்கிறது. எனக்காக ஒருத்தி இருபது வருஷம் தனி அடுப்பு வைத்தாள் என்று நினைத்துப்பார். அவளுக்கு ஒரு நாள் நான் இறைச்சி அரைத்தால் என்ன? "நான் செய்யறேன், நீங்க பக்கத்தில் உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆச்சியின் கணக்கு இது: வெந்த சதை 4 பவுண்டு, நறுக்கிய ஆப்பிள் 5 குவார்ட் (ஒரு குவார்ட் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு), கறுப்பும் வெள்ளையுமாய் உலர்திராட்சை 3 பவுண்டு, சைடர் 2 குவார்ட், துருவின கொழுப்பு 2 கப், சர்க்கரை 5 கப். சைடர் என்றதும் நீ கள்ளு என்று நினைக்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும். இங்கே சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் சாறு, குழந்தைகள் குடிப்பது.

சதையை அரைத்தது சிரமமாக இல்லை, மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற கைமிஷினில் சுற்றிக்கொண்டே போனேன். சிரமம் கொழுப்புதான். மான் கொழுப்பு ஆகாது, ஆறினதும் வாயில் மெழுகாய் ஒட்டுமாம். அதனால் மாட்டுச் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கிற கெட்டிக் கொழுப்புதான் போட வேண்டும். எஸ்தர், அதைத் தொடுகிற முன்னே அம்மா முகம்தான் கண்ணில் நின்றது. கையுறை போட்டேன், வழுக்கியது, கழற்றினேன். வெறும் கையில் எடுத்தால் குளிர்ந்து, காய்ந்து, தேங்காய்ப்பூ மாதிரி உதிர்கிறது! நடுவில் மெல்லிசாய்ச் சவ்வு ஓடுகிறது, அதை நகத்தால் உரித்து எடுக்க வேண்டும். கத்தியில் ஒட்டாமல் இருக்க மேலே கொஞ்சம் மாவு தூவச் சொன்னாள். வாடையே கிடையாது. அருவருப்பு வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன், வரவேயில்லை. அது எனக்கு நிம்மதியா, வருத்தமா என்று இன்னும் தெரியவில்லை.

எல்லாம் ஒன்றாய்க் கொதித்து நிறம் மாறுகிற நேரத்தில்தான் பெரிய சங்கடம் வந்தது. "ருசி பார், என்ன குறையுதுன்னு சொல்" என்றாள். கரண்டியோடு நின்றேன். ஆச்சிக்கு இப்போ நாக்கிலும் ருசி மங்கிவிட்டது, மாத்திரைகளால். ருசி பார்க்க நான் ஒருத்திதான். என்னால் முடியவில்லை, ஏட்டி. கைக்கு ஒத்துக்கொண்ட மனசு வாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் எங்கள் வீட்டு நைவேத்தியம் ஞாபகம் வந்தது. சாமிக்குப் படைக்கிறதை அம்மா ஒரு நாளாவது வாயில் வைத்துப் பார்த்திருக்கிறாளா? ஆவியில் முகத்தைக் காட்டி, கண்ணை மூடி, "உப்பு பத்தாது" என்பாள். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. பதினேழாம் நம்பர் ஹாஸ்டல் அறையில் நீயும் சரோவும் இதை வைத்து என்னை ஓட்டாத நாள் உண்டா? நானும் கண்ணை மூடிப் பானை மேல் குனிந்தேன். ஆப்பிளின் புளிப்பு முதலில் வந்தது. அடுத்து திராட்சை, பட்டை. இறைச்சி வாடை எங்கோ அடியில், மழை பெய்த மரத்தடி மாதிரி. மேலே ஏதோ ஒன்று இல்லை, கூரை இல்லாத வீடு மாதிரி இருந்தது. நீ அனுப்பின குற்றாலத்துக் கிராம்பில் ஆறை நுணுக்கிப் போட்டேன், ஜாதிக்காய் இன்னும் அரை உரசினேன். ஆச்சி எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே அடுப்புப் பக்கம் வந்து மூச்சை இழுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

இந்தப் பண்டத்தின் வயசைக் கேட்டால் உனக்கு ஆச்சரியமாய் இருக்கும். அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் புத்தகம் 1796-இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சானது, எழுதினவர் அமீலியா சிம்மன்ஸ். அதிலேயே இது இருக்கிறது: 4 பவுண்டு மாட்டிறைச்சிக்கு 6 பவுண்டு ஆப்பிள், 2 பவுண்டு திராட்சை. ஆச்சியின் சமையல் குறிப்பு அட்டைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இன்னொன்று, போதகர் மகளான உனக்காகவே சொல்கிறேன்: 1659-இல் மாசசூசெட்ஸில் கிறிஸ்மஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம்! வேதத்தில் இல்லாத பண்டிகை என்று ப்யூரிட்டன்கள் (ரொம்பக் கண்டிப்பான கிறிஸ்தவர்கள்) தடை போட்டார்கள், 1681-இல்தான் எடுத்தார்கள். இங்கிலாந்தில் கிறிஸ்மஸ் பண்டமாக இருந்த பை, இந்தப் பக்கம் நன்றி கூறும் நாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் அப்பா இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு பிரசங்கம் பண்ணியிருப்பார்.

பூசணிப் பை கதையும் சொல்ல வேண்டும், அதில் நான் ஏமாந்த வருஷங்கள் நிறைய. அக்டோபரில் முகம் செதுக்கி வாசலில் வைப்பார்களே, அந்தப் பூசணியை வாங்கி நான் எத்தனை தடவை புளிக்குழம்பு வைத்திருப்பேன்! வெறும் தண்ணீரும் நாருமாய், ருசியே இராது. அமெரிக்கப் பூசணி என்றாலே இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் பைக்கு டின்னில் வருகிறதே லிபீஸ், அதற்கு இல்லினாய்ஸில் விளைவிக்கிற டிக்கின்சன் என்கிற பூசணி வேறு இனம். வெளிறின தோல், உள்ளே ஆரஞ்சுச் சதை. தாவர நூல்படி அதுவும் நம் ஊர் மஞ்சள் பூசணியும் ஒரே இனம். சென்னைக்காரர்கள் பரங்கிக்காய் என்பார்களே, அந்தப் பெயரே பரங்கியரோடு கடல் கடந்து வந்த காய் என்று சொல்லுகிறது. மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை மேல் நாம் வைத்த பூவின் தாயாதி இந்தக் கண்டத்துக்காரி! இப்போ குழம்புக்கு அதே இனத்தில் சேர்ந்த பட்டர்நட் பூசணி வாங்குகிறேன். டவுனில் அம்மா வீட்டுக் குழம்பு அப்படியே வருகிறது. பை சுடுவது ரொம்பச் சுலபம். ஒரு டின் பூசணி, ஒரு டின் சர்க்கரை சேர்க்காத கெட்டிப் பால் (evaporated milk), ரெண்டு முட்டை, முக்கால் கப் சர்க்கரை, பட்டை, சுக்கு, கிராம்பு. நீ கேக் சுடுகிற அடுப்பே போதும்.

நீ உன் அம்மா மாதிரி அக்டோபரிலேயே திராட்சையை ஊறப் போட்டுவிட்டாயா? அந்த மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்தால் வருமே ஒரு வாசனை, இன்று இந்தப் பானையிலும் அதேதான். உன் வீட்டுக் கிறிஸ்மஸ் வாசனையை நான் ஐம்பத்தெட்டு வயசில் மெய்னில் மான் கழுத்தோடு சேர்த்து மோந்தேன்.

ஜாடிகளை ராத்திரி எட்டு மணிக்குத்தான் எடுத்தேன். இறைச்சி சேர்ந்தது என்பதால் வெறும் கொதிநீரில் வைத்தால் போதாது. பெரிய பிரஷர் பாத்திரத்தில் 10 பவுண்டு அழுத்தத்தில் 90 நிமிஷம் வைக்க வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. ஆச்சியின் காலத்தில் மண்ஜாடியில் போட்டுக் குளிர்ந்த நிலவறையில் வைத்துவிடுவார்களாம். நான் துறை சொன்னபடியே செய்தேன். மொத்தம் ஏழு ஜாடி. ஆறுகிறபோது மூடி உள்வாங்கி 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அது கேட்டால் காற்றுப் புகாமல் மூடிக்கொண்டது என்று அர்த்தம். இதை எழுதிக்கொண்டே எண்ணினேன், ஆறு கேட்டுவிட்டது.

உனக்கு ஒரு வேலை. அடுத்த தடவை டவுனுக்குப் போகிறபோது அம்மாவைப் பார்த்துவிட்டு வா. இந்தச் சங்கதியை நீ உளறிவிடாதே, நான் தை மாசம் வந்து எதிரே உட்கார்ந்து நானே சொல்ல வேண்டும். போனில் சொன்னால் அவள் பேசாமல் இருந்துவிடுவாள், அதை என்னால் தாங்க முடியாது. நீ இது மட்டும் கேள்: புளிப்பும் இனிப்பும் சேர்ந்த பானையில் உப்பை எப்படி மோந்து கண்டுபிடிக்கிறது? என்னால் கிராம்பு வரைக்கும்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அவள் சொல்கிறதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல் எழுது.

மணி பதினொன்று. ஏழாவது மூடியை இப்போதான் அமுக்கிப் பார்த்தேன், மேலும் கீழும் ஆடுகிறது, மூடிக்கொள்ளவில்லை. அதை ஃபிரிஜில் வைத்து முதலில் தீர்த்துவிட வேண்டும். அதனால் ஆச்சி நன்றி கூறும் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே மாவு பிசைந்து அவளுக்குச் சின்னதாய் ஒரு பை சுட்டுக் கொண்டுபோகிறேன்.

உன்
கோமதி