வி.பி.என் சாவிகள்: வெள்ளிக்கிழமைக்குள் புதுசு வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி கேட்வேயில் (வெளியிலிருந்து நம் நெட்வொர்க்குக்குள் நுழையும் வி.பி.என் சர்வர்) பியர் பட்டியலை, அதாவது உள்ளே வர அனுமதி உள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்த்தேன். போன வருஷமே வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப் சாவி இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசி ஹேண்ட்ஷேக் (சர்வரோடு இணைந்தது) மூன்று நாளைக்கு முன்னால்! உடனே நீக்கிவிட்டேன். தப்பு என்னுடையதும்தான்.

நம் வி.பி.என் மென்பொருளான வயர்கார்டில் யூசர்நேம், பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. சாவி யார் கையிலோ அவர்தான் ஆள். மெயில் கணக்கை முடக்கினால் இது முடங்காது, சர்வரில் அந்த பியரை எடுத்தால்தான் உண்டு. அதனால் ஒருவர் விலகும் அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள்.

எல்லோரும் வயர்கார்டு ஆப்பில் புது டனல் (வி.பி.என் இணைப்பு) போடுங்கள், சாவி ஜோடி தானாக வரும். அதில் பப்ளிக் கீயை (வெளியே கொடுக்கக்கூடியது) மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பிரைவேட் கீயும் (உங்களிடமே ரகசியமாக இருக்க வேண்டியது) பார்க்க அதே மாதிரி 44 எழுத்துதான், கடைசியில் = இருக்கும். மாற்றி அனுப்பினால் திரும்பப் புதுசு போட வேண்டும். போனுக்குத் தனிச் சாவி. ஒரே சாவியை இரண்டிலும் போட்டால் ஒன்றையொன்று தள்ளிவிடும், பிறகு "லைன் கட்டாகுது" என்று எனக்கு போன் வரும்.

இனி கணக்குப் பிரிவுக்கு டேலி சர்வரின் 3389 போர்ட் (ரிமோட் டெஸ்க்டாப்) மட்டும். டெவலப்பர்களுக்கு டெஸ்ட் சர்வரில் 22 போர்ட் (SSH, அதாவது கமாண்ட் லைன் லாகின்). கேட்வேயைத் தொடும் அட்மின் ரோல் இரண்டே பேருக்கு. "அண்ணா, ஒரு நாளைக்கு மட்டும் அட்மின் குடுங்க" என்று போன தடவை கொடுத்தது ஏழு மாசம் ஓடியது. கேளுங்கள், தருகிறேன், சாயந்திரம் ஆறு மணிக்கு எடுத்துவிடுவேன்.

பழைய சாவிகள் சனிக்கிழமை காலை வேலை செய்யாது.